மூன்றாம் கம்பியை இறக்கிய தேவாங்கு

கிட்டாரில் சோகப் பாட்டு வாசிக்க நீளமான விரல்களும், வாடிய முகமும், முடிந்தால் கைகூடாமல் போன ஒரு காதலும் வேண்டும் என்று பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கை அடியோடு பிழையானது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. சோகத்துக்கு விரலே வேண்டாம். முறுக்காணிகளைத் திருகி, கம்பிகளை ‘ஓப்பன் மைனர்’ என்று சொல்லப்படும் சுருதியில் நிறுத்திவிட்டால், எந்தக் கம்பியையும் எந்த இடத்திலும் அழுத்தாமல் சும்மா ஒரு தடவு தடவினால் போதும். பூனை வாலால் உரசிப் போனாலும் வாத்தியம் அழும். விரல் தேவைப்படுவது மகிழ்ச்சிக்குத்தான். அதே சுருதியில், மூன்றாம் கம்பியின் முதல் மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த முதல் கட்டையில்) ஒரே ஒரு விரலை வைத்தால் அழுகை சிரிப்பாகிவிடும். விரலை எடுத்தால் மறுபடி அழுகை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் என்று கடலுக்கு அந்தப்புறத்திலிருந்து சில பெயர்கள் சொல்லப்படுகின்றன. அவர்கள் எல்லோரும் திறமைசாலிகள். அவர்கள்மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை முதலில் செய்தது ஒரு தேவாங்கு.

மிருகங்களும் பறவைகளும் பேசிக்கொண்டிருந்த, பேசியதை மறுநாள் ஞாபகமும் வைத்திருந்த அந்தக் காலத்தில், கரட்டுமலை என்றொரு மலை இருந்தது. பெரிய மரங்கள் அதிகம் இல்லை. உசிலையும் வெப்பாலையும் கிளுவையும், இடையிடையே பாறையும். அங்கே வாழ்ந்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாத்தியம் இருந்தது. அதற்கு யாழ் என்றோ கிட்டார் என்றோ பெயர் வைக்க ஆள் இல்லாததால், பெட்டி என்றே சொன்னார்கள். மரங்கொத்தி குடைந்து கொடுத்த பலாக்கட்டை, குறுக்கே மெட்டுகளாகப் பதிக்க முள்ளம்பன்றி உதிர்த்த முட்கள், தலைப்பக்கம் கருங்காலி முறுக்காணிகள், ஆறு கம்பிகள். நாரையும் நூலையும் கம்பி என்று சொல்வது தவறுதான். இருந்தாலும் சொல்லிப் பழகிவிட்டது. ஐந்து கம்பிகள் மருள் நாரில் திரித்தவை. மூன்றாம் கம்பி மட்டும் பட்டு. எங்கிருந்தோ வந்த ஒரு பட்டுப்பூச்சி, கூடு கட்டும் முன் கொஞ்சம் நூலைக் கொடுத்துவிட்டுப் போனது. அதன்பிறகு அந்த வகைப் பூச்சி அந்த மலைக்கு வரவே இல்லை.

பெட்டியைச் சும்மா தடவினாலே சிரிக்கும்படி சுருதி கூட்டியவர் மூக்கையா. அவர் ஓர் அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் செதில், நீண்ட மூக்கு, சட்டங்களில் மிகுந்த பற்று. காட்டில் விரல் உள்ளவர்கள் குறைவு, குளம்பும் நகமும் உள்ளவர்கள்தான் அதிகம், யார் தொட்டாலும் சந்தோஷம் வர வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். யாராவது மறுத்துப் பேசினால் அவர் பதில் சொல்ல மாட்டார், சுருண்டு பந்தாகிவிடுவார். அவர் விரிந்து எழும்வரை கூட்டம் காத்திருக்கும். அதற்குள் மறுத்தவருக்குப் பசி எடுத்துவிடும். இப்படியே பல சட்டங்கள் நிறைவேறின. அவற்றுள் ஒன்று முறுக்காணியைப் பற்றியது. சுருதி சேர்ந்ததும் மூக்கையா ஆறு முறுக்காணிகளையும் வேலம்பிசின் பூசி அடைத்தார்.

“இதத் தொட்டவங்க அதுக்கப்புறம் பெட்டியத் தொடக்கூடாது. சாகுற மட்டும்” என்றார்.

அந்தச் சட்டத்தால் அதிகம் இழக்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அழகாயி என்ற தேவாங்கு. (அந்தப் பெயரைக் கேட்டு அப்போது யாரும் சிரித்ததில்லை.) மற்றவர்கள் பெட்டியைத் தடவத் தெரிந்தவர்கள், அவளுக்கு வாசிக்கத் தெரியும். மெலிந்த, ஒரே சீரான நீளமுள்ள ஐந்து விரல்கள் அவளுக்கு. அவள் உட்கார்ந்தால், ஒரே சிரிப்பைக் குறும்பாகவும், நாணமாகவும், வயிறு நிறைந்த மாதிரியும் மாற்றி மாற்றிக் காட்டுவாள். அணிலுக்கும் விரல்கள் உண்டு, ஆனால் உட்காராது. குரங்குகளுக்கும் உண்டு, அவை பெட்டியைவிட அதற்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் ஆர்வம் காட்டின. ஆகவே கல்யாணமானாலும் குழந்தை பிறந்தாலும் அழகாயிக்குத்தான் ஆள் வரும். அவளிடம் வேறு சொத்து எதுவும் இல்லை, வேண்டியிருக்கவும் இல்லை.

அவள் குடியிருந்தது ஓர் உசிலமரத்தின் கீழ்க்கிளையில். மேல்கிளையில் இருந்தவள் கொம்பாயி என்ற குரங்கு. கொம்பாயி தின்ற பழத்தின் கொட்டை அழகாயி தலையில் விழுவதும், அழகாயி அதற்குத் திட்டுவதும்தான் அவர்கள் நட்பின் அன்றாட அலுவல்.

“ஏண்டி, கீழ ஒருத்தி இருக்கான்னு தெரியாதா?”

“கண்ணு அம்புட்டுப் பெரிசா வச்சிருக்க, மேல இருந்து வர்றது உனக்குத் தெரியலையா?”

கொம்பாயிக்குத் தலைச்சன் குட்டி பிறந்தபோது அழகாயி பொழுது சாயும்வரை வாசித்தாள். குட்டி அவள் வாசிக்கும்போதெல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கேட்கும்.

அந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. சுனை வற்றியது. பாறையிடுக்கில் கசிந்ததை நக்கிக்கொண்டு எல்லோரும் நாளை ஓட்டினார்கள். தாய்க்குத் தண்ணீர் இல்லை. குட்டிக்குப் பால் இல்லை. ஒரு மத்தியானம் கொம்பாயியின் குட்டி அவளைக் கூப்பிட்டுக் கத்தியது. அதன்பிறகு கத்தவில்லை.

துக்கம் விசாரிக்க எல்லோரும் வந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பெட்டி உண்டு, பிறப்புக்கு உண்டு. சாவுக்கென்று கரட்டுமலையில் ஒரு வழக்கமும் கிடையாது. உடலைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகிப் போவார்கள், அவ்வளவுதான். ஆனால் கொம்பாயி எல்லோருக்கும் வேண்டியவள். அவள் முன்னால் வெறுமனே நிற்பது சொக்கன் என்ற மயிலுக்குப் பொறுக்கவில்லை. அவர் பெட்டியைக் கொண்டுவரச் செய்து மரத்தடியில் வைத்து, நல்ல மனசோடு, காலால் ஒரு முறை மீட்டினார்.

பெட்டி வாய்விட்டுச் சிரித்தது.

சிரிப்பு பாறையில் மோதி இன்னொரு முறை வந்தது. கொம்பாயி பெட்டியைப் பார்த்தாள், சொக்கனைப் பார்த்தாள், குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டாள்.

“ஏதாச்சும் செய்யணுமேன்னுதான் செஞ்சேன்” என்றார் சொக்கன். “வேற என்ன இருக்கு நம்மகிட்ட?”

கூட்டம் பெட்டியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு விலகியது.

கொம்பாயி இறங்கவில்லை. குட்டியின் உடம்பு விறைத்தது, பிறகு தளர்ந்தது, பிறகு ஈக்கள் வந்தன. அவள் ஈக்களை விரட்டினாள். குட்டியின் முடியைக் கோதிவிட்டாள். தின்னவில்லை, குடிக்கவும் இறங்கவில்லை. குரங்குக் கூட்டத்தின் தலைவனான கடுவன் கீழ்க்கிளைவரை வந்தது.

“நாளைக்கு வெயில் ஏறுமுன்ன கிளம்பிருவோம், அழகாயி. மலைக்கு அந்தாண்ட ஆத்துல கொஞ்சம் தண்ணி ஓடுதாம். இங்கயே கெடந்தா மிச்சக் குட்டிகளும் போயிரும். அவ வந்தா வரட்டும்.”

“வரலைன்னா?”

கடுவன் மேலே பார்த்தது. “கூப்பிட்டுப் பாத்துட்டேன். இழுத்துப் பாத்துட்டேன். கடிச்சுட்டா.” கையைக் காட்டியது. “ஒருத்திக்காக எல்லாரையும் நிறுத்தி வைக்க முடியாது. நீ பக்கத்துல இருக்குறவ. ஏதாச்சும் செய்ய முடிஞ்சா செய்யி.”

அழகாயி மேலே ஏறினாள். தேவாங்கு ஏறுவது மெதுவாகத்தான். அவள் உச்சியை அடைந்தபோது நிழல் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு நகர்ந்திருந்தது. கொம்பாயியின் உதடுகள் வெடித்திருந்தன.

“இறக்கி வையி, கொம்பாயி.”

“எங்க?”

“மண்ணுல.”

“வச்சுட்டு?”

அழகாயி குட்டியின்மேல் வந்து உட்கார்ந்த ஓர் ஈயை விரட்டினாள்.

“வச்சுட்டு என்ன செய்யணும், சொல்லு. உங்க பெட்டியத் தட்டிச் சிரிக்கணுமா? இல்ல, எல்லாரும் செய்யுற மாதிரி எந்திரிச்சுப் போயிரணுமா? இது பொறந்தப்ப அம்புட்டுச் சத்தம் போட்டீக. போறப்ப ஒரு சத்தமும் இல்லாம எப்படிப் போகும்? போச்சுன்னு அதுக்கே தெரியாதே.”

“நாளைக்குக் கூட்டம் கிளம்புது.”

“போகட்டும்.”

“நீ செத்துப் போவ.”

“ம்” என்றாள் கொம்பாயி, பழம் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

அழகாயி இறங்கி வந்து பெட்டிமுன் உட்கார்ந்தாள். பெட்டிக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும் என்பதை அவள் அதுவரை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. தன் விரல்களால் அதை வேறு மாதிரி பேச வைத்துவிடலாம் என்று நம்பினாள். முதல் முள்ளில் வைத்து அழுத்தினாள், மூன்றாம் முள்ளில் அழுத்தினாள், இரண்டு கம்பிகளைச் சேர்த்து, நான்கைச் சேர்த்து, அருகருகே, தள்ளித் தள்ளி. பெட்டி கேலியாகச் சிரித்தது, ஆச்சரியமாகச் சிரித்தது, ஒருமுறை விருந்தாளியைக் கண்டது போலக் குதித்தது.

“கீழ யாருக்குடி கல்யாணம்?” என்று உச்சியிலிருந்து குரல் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். விரல் என்பது கம்பியைக் குறுக்கும் ஒரு கருவி. குறுகிய கம்பி மேலே போகும். எந்த இடத்தில் அழுத்தினாலும், எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும், கம்பி இருந்த இடத்தைவிட உயரத்தான் செய்யும். ஏற்றுவதற்கு உலகில் எத்தனையோ விரல்கள் உண்டு. வெறும் கம்பியைவிடக் கீழே இறக்க ஒரு விரலாலும் ஆகாது. இதை அழகாயி அன்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து தெரிந்துகொண்டாள்.

வெயில் தணியத் தொடங்கியபோது அவள் தலை நிமிர்த்திக் கேட்டாள்: “கொம்பாயி, கடைசியா அது உன்னக் கூப்பிட்டுச்சுல்ல. அது எப்படி இருந்துச்சு?”

மேலே கொம்பாயி குட்டியின் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அழகாயி மறுபடி கேட்கவில்லை.

“எப்பவும் கூப்பிடுற மாதிரிதான்” என்றாள் கொம்பாயி கடைசியில். “பால் கேக்குற மாதிரிதான் ஆரம்பிச்சுச்சு. நடுவுல ஒரு எடத்துல மட்டும் எட்டல. கொஞ்சூண்டு கீழ போயிருச்சு. நெறைய இல்ல. ஒரு எறும்பு உசரம்.”

அழகாயி மூன்றாம் கம்பியைத் தனியாக ஒரு முறை தட்டினாள். மற்றவை தரையில் நிற்க, அது மட்டும் துள்ளி நின்றது. பெட்டியின் சிரிப்பு முழுவதும் அந்த ஒரு கம்பியில்தான் இருந்தது. அது ஓர் எறும்பு உயரம் இறங்கினால் போதும்.

அவள் முறுக்காணியைப் பார்த்தாள். வேலம்பிசின் காய்ந்து தேன் நிறத்தில் மின்னியது. மூக்கையா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. சாகுற மட்டும். இனி அந்த முட்களின்மேல் விரல் ஓடாது. கல்யாண வீட்டில் அவளும் எல்லோரையும் போலக் கூட்டத்தோடு ஓரமாக நிற்க வேண்டும். அவள் தன் ஐந்து விரல்களையும் ஒருமுறை விரித்துப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, பிசினைப் பல்லால் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்றாம் முறுக்காணியை ஒரு துளி தளர்த்தினாள். விரல்களைக் கம்பிகளிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு, புறங்கையால் ஒரு தடவு தடவினாள்.

பெட்டி அழுதது.

யாரும் எதையும் அழுத்தவில்லை. யாரும் அதை அழச் சொல்லவும் இல்லை. இத்தனை நாள் வாய்ப்பு வரவில்லை, இப்போது வந்தது என்பது போல, ஆறு கம்பிகளும் சேர்ந்து ஒரு பெருமூச்சாக இறங்கின. கிளுவை மரத்துக் கிளிகள் பேச்சை நிறுத்தின. அழகாயி மீண்டும் தடவினாள். மீண்டும்.

மேலே இலைகள் அசைந்தன. கொம்பாயி ஒவ்வொரு கிளையாக இறங்கி வந்தாள். ஒரு கையில் குட்டி. மரத்தடிக்கு வந்து, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். அவளும் அழுதாள், அதற்கு முன் அவள் அழவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பொழுது பாறைக்குப் பின்னால் போனபோது அவள் குட்டியைத் தரையில் வைத்தாள். உசிலை இலைகளை உருவி அதன்மேல் போட்டாள். போட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு அவை காலியாக இருந்தன.

“நாக்கு ஒட்டுது” என்றாள்.

பாறையிடுக்கில் இருந்த ஈரத்தைக் காட்டிவிட்டு அழகாயி திரும்பி வந்து மீண்டும் தடவினாள். விடிந்து, குரங்குகள் கிளம்பும் நேரத்தில் கொம்பாயி எழுந்தாள்.

“ராவெல்லாம் வாசிச்சிருக்கியே. விரல் வலிக்கலையாடி?”

“விரலே வைக்கலடி” என்றாள் அழகாயி.

கொம்பாயி கூட்டத்தோடு மலையைத் தாண்டிப் போனாள்.

ஆடி கழிந்து மழை வந்தது. சுனை நிறைந்தது. ஆற்றோரத்தில் அத்தி பழுத்திருந்ததால் குரங்குகள் திரும்பவில்லை. அழகாயி முறுக்காணி விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் தொடவும் இல்லை. சட்டத்தை மீறியவள் என்றாலும் தண்டனையைத் தானே ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருந்தாள். அன்று அவள் வாசித்ததைக் கேட்டவர்களுக்கும் என்ன நடந்தது என்று சரியாகப் புரியவில்லை. அவள் விரலில் ஏதோ வித்தை இருக்கிறது என்றே நினைத்தார்கள்.

சொக்கன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக் கரட்டிலிருந்து தோகையை விரித்துக்கொண்டு வந்தார்கள். அழகாயியைத் தேடினார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சரி, தடவினால் போதுமே என்று சொக்கனே பெட்டியை மீட்டினார்.

பெட்டி அழுதது. கல்யாணப் பெண்ணும் அழுதது. மாப்பிள்ளை வீட்டார் தோகையை மடக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

“நான் தொட்டாலே இப்படித்தான் ஆகுமோ?” என்றார் சொக்கன் யாரிடம் என்றில்லாமல்.

மூக்கையா அழைக்கப்பட்டார். அவர் பெட்டியைத் தடவவில்லை. நேரே முறுக்காணிகளை முகர்ந்தார். மூன்றாவதில் பிசின் இல்லை.

“யாரு?”

“நான்தான்ணே” என்று அழகாயி மரத்திலிருந்து இறங்கி வந்தாள்.

மூக்கையா சுருண்டார். கூட்டம் காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த வழக்கம் புதிது. அவர்கள் பந்தை ஒருமுறையும் ஒருவரையொருவர் ஒருமுறையுமாக மாறி மாறிப் பார்த்தார்கள். பெண்ணின் தாய் அவர்களுக்குக் கொஞ்சம் தினை கொடுத்து உட்கார வைத்தாள். நிழல் நீண்ட பிறகு மூக்கு வெளியே வந்தது.

“எதுக்குத் தொட்ட?”

அழகாயி சொன்னாள். கொம்பாயி கேட்டதையும், விரல்களால் முடியாமல் போனதையும், எறும்பு உயரத்தையும். மூக்கையா குறுக்கிடாமல் கேட்டார்.

“சரி. நடந்தது நடந்துபோச்சு. அவ பொழைச்சது நல்லது. இப்ப அத ஏத்தி வச்சுட்டு எந்திரி. அப்புறம் பெட்டிப் பக்கம் வரக்கூடாது. சட்டம் உனக்கும் தெரியும்.”

“ஏத்திட்டு, தேவப்பட்டா எறக்கிக்கலாமாண்ணே?”

மூக்கையா கம்பியை முகர்ந்தார். முறுக்காணியைச் சுற்றியிருந்த இடத்தில் பட்டு பிரியத் தொடங்கியிருந்தது. “இன்னும் ஒரு தடவ முறுக்கலாம். அதுக்கு மேல தாங்காது. அறுந்து போனா இன்னொரு நூலுக்கு எங்க போக? மேல இருந்தா மேல. கீழ இருந்தா கீழ. சொல்லிப்புட்டேன்.”

அழகாயி முறுக்காணியில் கை வைத்தாள். திருப்பவில்லை. கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு முயல் முன்னால் வந்தது. கூட்டங்களில் அது பேசி யாரும் பார்த்ததில்லை.

“ஏத்துறதுக்கு முன்ன,” என்றது, “என் வளைக்குப் பக்கத்துல வந்து ஒருக்கா அப்படியே தடவ முடியுமா? போன ஐப்பசியில வெள்ளம் உள்ள வந்துருச்சு. என் குட்டிகள்லாம் உள்ள இருந்துச்சு. அப்ப ஒண்ணும் சத்தம் இல்ல. நானும் பேசாம வேற வளைக்குப் போயிட்டேன்.”

கீரி ஒன்று எழுந்து, “எங்க வீட்டுக்கும்” என்றது. பிறகு ஒரு கவுதாரி. பிறகு முள்ளம்பன்றி, பெட்டிக்கு முள் கொடுத்த அதே முள்ளம்பன்றி, அதற்குத் துணை இல்லை என்பதை மறந்தே போயிருந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மயில் தொண்டையைச் செருமிக்கொண்டது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

அழகாயி முறுக்காணியிலிருந்து கையை எடுத்தாள்.

“கீழேயே இருக்கட்டும்ணே.”

“கல்யாணம் நிக்குது, தெரியுதா?”

அழகாயி தன் சுட்டுவிரலை மூன்றாம் கம்பியில், முதல் முள்ளை ஒட்டி வைத்தாள். “தடவுங்க” என்றாள் சொக்கனிடம். சொக்கன் தயங்கினார். அன்று அவருக்குத் தன் காலின்மேல் நம்பிக்கையே போயிருந்தது. “தடவுங்கண்ணே.” அவர் மீட்டினார். பெட்டி பழைய சிரிப்பைச் சிரித்தது. அதே சிரிப்புதான், ஒரு குறைவும் இல்லை.

“ஏத்துறதுக்கு என் விரல் இருக்கு. எறக்குறதுக்கு யாருக்கும் விரல் கிடையாது” என்றாள் அழகாயி.

முள்ளம்பன்றி ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து விரலுக்குப் பதில் வைத்துப் பார்த்தது. சத்தம் செத்துப்போனது. அணிலைக் கூப்பிட்டார்கள். வந்தது, வைத்தது, போய்விட்டது. மூக்கையா சுருளாமலே யோசித்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

“அப்ப இதுதான் உனக்குத் தண்டன” என்றார். “எங்க நல்லது நடந்தாலும் நீ வந்து விரல் வைக்கணும். பசிக்குது, தூக்கம் வருதுன்னு சொல்லக்கூடாது. நெனச்சத வாசிக்கக் கூடாது. இந்த ஒரு எடத்துல விரல் வச்சுட்டு உக்காந்திருக்கணும், மத்தவங்க தடவுவாங்க. நீ விரல எடுத்தா அடுத்தவங்க கல்யாணத்துல அழுக விழும்.”

“வைக்கிறேன்ணே.”

“வாசிக்க முடியாது. புரியுதா?”

“புரியுதுண்ணே.”

சொக்கன் மகளின் கல்யாணம் முடிந்தது. மறுநாள் பெட்டி முயலின் வளைக்குப் போனது. அங்கே யாருடைய விரலும் தேவைப்படவில்லை. முயல் தன் காலாலேயே தடவிக்கொண்டது.

அதன்பிறகு நல்ல மழைக்காலங்கள் வந்தன. நல்ல மழைக்காலத்தில் காட்டில் கல்யாணங்கள் அதிகம், பிறப்புகள் அதைவிட அதிகம். முயல் வீட்டுப் பிறப்புகளுக்கு மட்டுமே ஒரு தேவாங்கு தனியாக வேண்டும். அழகாயி எல்லாவற்றுக்கும் போனாள். ஒரே கம்பி, ஒரே முள், ஒரே விரல். பட்டு மெல்லியது, அழுத்தினால் அறுக்கும். விரல் நுனி முதலில் காய்த்தது, பிறகு வெடித்தது, பிறகு தேய்ந்தது. ஒரு கைச் சுட்டுவிரல் புண்ணானால் மறு கைச் சுட்டுவிரலை வைத்தாள். அதுவும் தேய்ந்தது. சந்தோஷத்தில் இருப்பவர்கள் நெடுநேரம் தடவுவார்கள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வராது. சில வீடுகளில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் மறந்தார்கள். விரலை எடுக்காமல் அவள் காத்திருந்தாள்.

ஒரு கார்த்திகை மாதம் குரங்குகள் மலைக்குத் திரும்பின. கொம்பாயியின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு புதிய குட்டி. உசிலமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள், பெட்டி வந்தது, மூக்கையாவும் வந்தார், இப்போது அவருக்குச் செதில்கள் உதிரத் தொடங்கியிருந்தன. அழகாயி தன் இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சொக்கன் மீட்டினார்.

பெட்டி அழுதது.

சுட்டுவிரல் கம்பியை எட்டவில்லை. அழகாயி மறு கையை வைத்தாள். அதுவும் எட்டவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவள் அவசரமாக நடுவிரலை மடக்கிக் கம்பியை நோக்கிக் கொண்டுபோனாள்.

“கையக் காட்டு” என்றாள் கொம்பாயி.

“ஒண்ணுமில்ல, இரு. இத வச்சா வந்துரும்.”

“காட்டுடி.”

அழகாயி காட்டினாள். கொம்பாயி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குட்டியும் எட்டிப் பார்த்தது.

“அதையும் தேய்க்கப் போறியா?” என்றாள் கொம்பாயி. “எந்திரி. எடத்த விடு.”

அவள் அழகாயியை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, தன் விரலை மூன்றாம் கம்பியில், முதல் முள்ளை ஒட்டி வைத்தாள். சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று சிலர் மூக்கையாவைப் பார்த்தார்கள். அவர் அந்த நேரம் பார்த்துச் சுருண்டிருந்தார்.

சொக்கன் மீட்டினார். பெட்டி சிரித்தது. விரல் வைக்காமல் ஓரமாக உட்கார்ந்து அந்தச் சிரிப்பை அழகாயி கேட்டது அன்றுதான். பரவாயில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

பெட்டி அப்புறம் குரங்குகளின் பொறுப்பில் இருந்தது. பல தலைமுறைகள் கழித்து, மரத்தைவிட்டு இறங்கிப்போன அவர்களுடைய உறவினர்கள் சிலர் அதைக் கொண்டுபோய், பெயர் வைத்து, வார்னிஷ் அடித்து, மூன்றாம் கம்பியை ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருசிலர் மட்டும் அவ்வப்போது அதை ஓர் எறும்பு உயரம் இறக்கிப் பார்க்கிறார்கள்.

அழகாயியின் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அவளைப் போன்ற கைகளோடுதான் பிறந்தார்கள். தாய்க்குத் தேய்ந்தது பிள்ளைக்கு எப்படி வரும் என்று விலங்கியல் படித்தவர்கள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் வந்தது. அன்று முதல்தான் தேவாங்கின் இரண்டு கைகளிலும் சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டு மட்டும் இருக்கிறது. மற்ற விரல்களால் அது கிளையை நன்றாகவே பற்றிக்கொள்கிறது. யாரையும் சுட்டிக் காட்டத்தான் அதனால் முடிவதில்லை.